கிராம்பு எண்ணெயின் பத்துக் கோடுகள்

எம்.எஸ்சி. முதலாண்டு மாணவி ஒருத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். "சாரே, இது குயின்டெட்தானே?" என்று கேட்டாள். குயின்டெட் என்றால் ஐந்தாகப் பிளந்த கோடு. தாளில் இருந்தது நாங்களே வடித்த கிராம்பு எண்ணெயின் புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) நிறமாலை.

கிராம்பு மாறாமலையிலிருந்து வந்தது. புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரிக் கிராம்பு. நகத்தால் அழுத்தினாலே எண்ணெய் கசியும். காய்ந்த மொட்டில் ஐம்பது கிராம் எடுத்துத் தண்ணீரோடு கொதிக்கவிட்டோம். ஆவியைக் குளிரவைத்து, தண்ணீருக்கு அடியில் போய்த் தங்கிய எண்ணெயைப் பிரித்தோம். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, மிதக்காது. அதில் ஒரு சொட்டை டியூட்டரோ குளோரோஃபார்மில் கரைத்து, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் குழாயில் அடைத்து, துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, களியக்காவிளையில் மாறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தின் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அன்று மாலையே தாளோடு எல்லை தாண்டித் திரும்பிவிட்டேன்.

அவள் விரல் வைத்திருந்த இடம் 5.96 பிபிஎம். தாளில் கோடு நிற்கும் இடத்தைச் சொல்லும் அலகுதான் பிபிஎம். கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால் மூலக்கூறின் வாலில், இரட்டைப் பிணைப்பின் உள்பக்கத்தில் இருக்கும் ஒற்றை ஹைட்ரஜன் அது. அதற்கு ஒரு பக்கம் இரண்டு ஹைட்ரஜன், மறுபக்கம் இரண்டு. மொத்தம் நான்கு அண்டை. அண்டையின் எண்ணிக்கையைவிட ஒரு கோடு கூடுதலாக வரும் என்பது என்+1 விதி. அதன்படி ஐந்து கோடு வரவேண்டும். அண்டையை அவள் சரியாகவே எண்ணியிருந்தாள். விதியையும் சரியாகவே போட்டிருந்தாள்.

"கோட்டை எண்ணிப் பாத்தியா மக்ளே?" என்றேன்.

பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். முகம் மாறியது. "பத்து இருக்கு சாரே."

பதினைந்து வருஷமாக நிறமாலையியல் நடத்துகிறேன். பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். தேர்வுத்தாளில் மூன்று கோட்டுக்கு டிரிப்லெட், நான்குக்கு குவார்டெட் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அதனால் கோடுகளை எண்ணுவதே நிறமாலை படிப்பது என்று பழகிப்போகிறார்கள். கோடுகளின் எண்ணிக்கையைவிட, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அதிகம் பேசும். அந்தத் தூரத்தை அளக்கத் தெரிந்தவருக்கு மூலக்கூறின் உருவமே கண்ணில் தெரிய ஆரம்பிக்கும்.

அதற்கு முன்னால், ஒரு கோடு எதற்காகப் பிளக்க வேண்டும்?

ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு புரோட்டான். அது ஒரு சின்னஞ்சிறு காந்தம்போல நடந்துகொள்ளும். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அதற்கு இரண்டே நிலைதான்: புலத்தோடு ஒத்து நிற்கலாம், எதிர்த்து நிற்கலாம். இரண்டுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசத்துக்கு ஈடான ரேடியோ அலையைக் கொடுத்தால் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவும். 9.4 டெஸ்லா புலத்தில் அந்த அலையின் அதிர்வெண் 400 மெகாஹெர்ட்ஸ். எல்லா ஹைட்ரஜனும் அச்சாக ஒரே அதிர்வெண்ணில் தாவியிருந்தால் வேதியியலுக்கு இதனால் பெரிய பயன் இருந்திருக்காது. நல்ல வேளையாக ஒவ்வொரு கருவைச் சுற்றியும் எலக்ட்ரான் மூட்டம் இருக்கிறது. அது வெளிப்புலத்தைக் கொஞ்சம் மறைக்கிறது. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மறைப்பு குறையும், கோடு இடம் மாறும். இதைத்தான் வேதி இடப்பெயர்வு என்கிறோம். வகுப்பில் எல்லோரும் சொல்வது கெமிக்கல் ஷிஃப்ட்.

இதை முதன்முதலில் ஒரு மூலக்கூறுக்குள்ளேயே தெளிவாகக் காட்டிய ஆய்வில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். 1951-ல் ஸ்டான்ஃபோர்டில் அர்னால்ட், தர்மாட்டி, பேக்கார்ட் மூவரும் எத்தனாலை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று தனித்தனி மேடுகள் வந்தன. பரப்பு 1:2:3. ஓஎச்-இல் ஒன்று, சிஎச்2-இல் இரண்டு, சிஎச்3-இல் மூன்று. எஸ்.எஸ். தர்மாட்டி பின்னால் பம்பாய் வந்து, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.எம்.ஆர். ஆய்வுக்கு அடித்தளம் போட்டார். எத்தனால் படத்தைப் பலகையில் வரையும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சொல்லாமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை.

அந்த 1951 படத்தில் மூன்று மேடுகளும் மழமழவென்று இருந்தன. பிளவு தெரியவில்லை. அன்றைய காந்தப்புலம் அவ்வளவு சீராக இல்லை. ஆனால் அதே ஆண்டில் இல்லினாயில் கட்டோவ்ஸ்கியும் மெக்காலும், வேறொரு பக்கம் ஹானும் மேக்ஸ்வெல்லும், சில திரவங்களில் ஒரு கரு இன்னொரு கருவின் கோட்டைப் பிளப்பதைக் கண்டார்கள். காரணம் என்ன என்பதில் குழப்பம் இருந்தது. இரண்டு சின்னக் காந்தங்கள் வெற்றிடம் வழியாக ஒன்றையொன்று இழுப்பது என்று எடுத்துக்கொள்ள முடியாது. திரவத்தில் மூலக்கூறு கணத்துக்குப் பல கோடி முறை உருண்டு புரள்கிறது. அந்த நேரடி விசை சராசரியில் அடிபட்டுப் பூஜ்யமாகிவிடும். 1952-ல் ராம்சேயும் பர்செலும் விடை சொன்னார்கள்: செய்தி பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்கள் வழியாகப் போகிறது. ஒரு கரு தன்னை ஒட்டிய எலக்ட்ரானைச் சற்று ஒருச்சாய்க்கிறது, அது அடுத்த எலக்ட்ரானை, அது அடுத்த கருவை. மூலக்கூறு எப்படிப் புரண்டாலும் பிணைப்பு கூடவே புரளும். அதனால் இந்தத் தொடர்பு அழியாது.

இந்த ஒரு வரியை மனதில் ஆழமாகப் போட்டுக்கொண்டால் பிற்பாடு பல சந்தேகம் வராது. அண்டை என்றால் இடத்தால் பக்கம் என்று அர்த்தமில்லை, பிணைப்பால் பக்கம் என்று அர்த்தம். பெரும்பாலும் மூன்று பிணைப்புத் தூரம்: எச்–சி–சி–எச்.

சரி, அண்டையில் ஒரே ஒரு புரோட்டான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது புலத்தோடு நின்றால் நம் புரோட்டான் ஒரு அதிர்வெண்ணில் தாவும், எதிர்த்து நின்றால் கொஞ்சம் தள்ளி. ஒரு குழாயில் கோடானுகோடி மூலக்கூறுகள். அவற்றில் பாதியில் அண்டை இப்படி நிற்கும், பாதியில் அப்படி. ஏன் சரிபாதி? 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், அறை வெப்பநிலையில், பத்து லட்சம் புரோட்டானில் ஒத்து நிற்பவை எதிர்த்து நிற்பவற்றைவிடச் சுமார் 32 தான் அதிகம். கருவி பிடிப்பது அந்த 32-இன் குரலை. பிளவைப் பொறுத்தவரை அது பொருட்டே இல்லை. ஆகவே ஒரே உயரத்தில் இரண்டு கோடு. டப்லெட்.

அண்டையில் இரண்டு பேர் இருந்தால் நான்கு வகையாக நிற்கலாம்: இருவரும் மேலே, இருவரும் கீழே, ஒருவர் மேலே ஒருவர் கீழே, அதுவே மாறி. நடுவில் உள்ள இரண்டு வகைக்கும் விளைவு ஒன்றே, அதனால் 1:2:1. மூன்று பேர் இருந்தால் எட்டு வகை, 1:3:3:1. எத்தில் அசிட்டேட்டில் இது அச்சு வார்த்ததுபோல இருக்கும். 4.12 பிபிஎம்மில் சிஎச்2-இன் குவார்டெட், 1.26-இல் சிஎச்3-இன் டிரிப்லெட், இரண்டிலும் கோட்டுக்குக் கோடு 7.1 ஹெர்ட்ஸ். இந்த 7.1-ஐத்தான் இணைவு மாறிலி என்கிறோம். ஜே மதிப்பு என்று சொன்னால்தான் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டு பக்கமும் ஒரே எண் வருவது தற்செயல் இல்லை. அ என்பது ஆ-வை எவ்வளவு பிளக்கிறதோ, ஆ-வும் அ-வை அவ்வளவே பிளக்கும். கூட்டமான நிறமாலையில் யாருக்கு யார் அண்டை என்று கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி கிடையாது. ஒரே ஜே மதிப்பு எங்கெங்கே திரும்ப வருகிறது என்று தேடினால் போதும்.

இப்போது கிராம்புக்கு வருவோம். எண், கூட்டல் கழித்தல் எல்லாம் கொஞ்சம் வரும். பொறுமையாகப் பார்த்தால் நல்ல பலன் உண்டு.

என்+1 விதிக்குள் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று இருக்கிறது. எல்லா அண்டையும் ஒரே அளவில் பிளக்க வேண்டும். எத்தில் தொகுதியில் மெத்தில் (சிஎச்3) சுதந்திரமாகச் சுழல்வதால் அதன் மூன்று ஹைட்ரஜனும் சராசரியில் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. நிபந்தனை தானாக நிறைவேறிவிடுகிறது. யூஜினாலில் அப்படியில்லை. வளையத்தை ஒட்டிய சிஎச்2-இல் உள்ள இரண்டும் ஒன்றுபோலத்தான், ஆளுக்கு 6.7 ஹெர்ட்ஸ். வால்நுனியில் இரட்டைப் பிணைப்பில் உள்ள இரண்டும் அப்படி இல்லை. இரட்டைப் பிணைப்பு சுழலாது. ஒன்று நம் ஹைட்ரஜனுக்கு ஒரே பக்கத்தில் நிற்கிறது, மற்றது எதிர்ப்பக்கத்தில். ஒரே பக்கத்தில் இருப்பது சுமார் 10.1 ஹெர்ட்ஸ் பிளக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது 16.8. ஆக நான்கு அண்டை, ஆனால் மூன்று வேறு வேறு அளவு. விதி இங்கே ஒருமொத்தமாகச் செல்லாது. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

அன்று அவளிடம் ஒரு கிராஃப் தாளைக் கொடுத்தேன். ஒரு சின்னக் கட்டம் ஒரு ஹெர்ட்ஸ். மூலையில் இருந்த வாரியலிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, விரல்கடை நீளத்துக்குப் பதினாறு துண்டாக ஒடித்தோம். எல்லாம் ஒரே நீளம். ஒவ்வொரு துண்டும் கோட்டின் உயரத்தில் ஒரு பங்கு.

முதலில் பெரிய பிளவு. நடுக்கோட்டிலிருந்து வலது பக்கம் 8.4, இடது பக்கம் 8.4. இரண்டுக்கும் நடுவே 16.8. அடுத்தது 10.1. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து நான்கு இடம் கிடைக்கிறது: நடுவிலிருந்து 13.45-இல் பக்கத்துக்கு ஒன்று, 3.35-இல் பக்கத்துக்கு ஒன்று. கடைசியாக 6.7. சிஎச்2-இன் இரண்டு ஹைட்ரஜனால் இந்த நான்கும் ஒவ்வொரு டிரிப்லெட்டாக, 1:2:1 ஆகப் பிரிகின்றன. நான்கு மும்மூன்றாகப் பன்னிரண்டு கோடு வரவேண்டும்.

"பன்னெண்டு வரணும். தாளுல பத்துதானே இருக்கு?" என்றாள்.

"வச்சுப் பாரு."

வைத்தாள். வலது ஓரத்து டிரிப்லெட் 20.15, 13.45, 6.75-இல் விழுந்தது. அதற்கு அடுத்தது 10.05, 3.35, பிறகு நடுவைத் தாண்டி மறுபக்கம் 3.35. இடது உள்பக்கத்து டிரிப்லெட்டை வைக்கப் போகும்போது கை நின்றுவிட்டது. அதன் முதல் குச்சி விழ வேண்டிய இடத்தில் ஏற்கெனவே இரண்டு குச்சி இருந்தது. அதன் நடுக் குச்சிகள் இரண்டும் விழ வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒன்று. 16.8-இலிருந்து 10.1-ஐக் கழித்தால் 6.7. அதாவது உள்ளே இருக்கும் இரண்டு டிரிப்லெட்டுகளுக்கும் நடுவே உள்ள தூரமும், டிரிப்லெட்டின் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரமும் ஒன்றேயாகிவிட்டன. அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரண்டு இரண்டு கோடுகள் ஒன்றாகிவிட்டன. பன்னிரண்டு பத்தாயிற்று.

குச்சிகளை நீளவாக்கில் அடுக்கினாள். இடமிருந்து வலம்: 1, 2, 1, 1, 3, 3, 1, 1, 2, 1. கூட்டினால் பதினாறு. நடுவில் இரண்டு உயரமான கோடுகள், பக்கத்தில் சின்னச் சின்னதாக, ஓரத்துக்கு முன்னால் நடுத்தரமாக ஒன்று. அப்படியே திருவனந்தபுரத்துத் தாளை அருகில் வைத்தோம். ஒன்றுக்கொன்று இடைவெளி 6.7, 3.4, 3.3, 3.4, 6.7, 3.4, 3.3, 3.4, 6.7. அச்சு அசலாகப் பொருந்தியது. இத்தனை வருஷத்தில் இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஈர்க்குச்சி அந்த இடத்தில் ஏறி உட்காரும்போது இன்னும் மனசுக்குள் ஒரு சிலிர்ப்பு வருகிறது.

ஐந்து கோடு, 1:4:6:4:1 என்று எழுதியிருந்தால் இதில் ஒன்றுமே தெரிந்திருக்காது. மல்டிப்லெட், அதாவது பல கோட்டுக் கூட்டம், என்று எழுதி நகர்ந்திருந்தாலும் அப்படியே. ஆராய்ச்சிக் கட்டுரைகளில்கூட மல்டிப்லெட் என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. உண்மையிலேயே பல புரோட்டான்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பிரிக்கவே முடியாத இடத்தில் அதை எழுதலாம். பிரிக்கக்கூடிய இடத்தில் எழுதுவது, கையில் வந்த தகவலைக் கீழே போட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

பிரித்தால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 16.8 என்பது இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கத்து ஹைட்ரஜன்களின் அடையாளம். பொதுவாக 14-இலிருந்து 18 ஹெர்ட்ஸ். ஒரே பக்கம் என்றால் பெரும்பாலும் 6-இலிருந்து 12-க்குள். இரண்டும் சேர்ந்து வருகிறது என்றால் நுனியில் சிஎச்2 இருக்கிறது என்று அர்த்தம். 5.05-இலிருந்து 5.10 வரை உள்ள கூட்டத்துக்குள் போய்த் தேடினால் அதே 17-உம் அதே 10-உம் கிடைக்கும். 3.32-இல் உள்ள டப்லெட்டில் அதே 6.7. உற்றுப் பார்த்தால் அந்த டப்லெட்டின் கோடு ஒவ்வொன்றிலும் இன்னும் நுணுக்கமான பிளவு, ஒன்றரை ஹெர்ட்ஸ் அளவில். நான்கு பிணைப்பு தாண்டி நுனியிலிருந்து வருகிற குரல் அது. வளையத்தின் மூன்று ஹைட்ரஜனில் ஒன்று 6.85-இல் 8 ஹெர்ட்ஸ் டப்லெட்டாக நிற்கிறது. அதனால் அதற்கு அடுத்த கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது என்று தெரிகிறது. வளையத்தில் அடுத்தடுத்த ஹைட்ரஜனுக்கு 8, ஒன்று விட்டு அடுத்ததற்கு 2 என்ற அளவு. எதிர்முனைக்கு ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம்.

இதே யூஜினாலைக் காரத்தோடு சூடாக்கினால் இரட்டைப் பிணைப்பு ஒரு படி உள்ளே நகர்ந்து ஐசோயூஜினால் ஆகும். கிராம்பு எண்ணெயிலிருந்து வெனிலின் தயாரித்த பழைய முறையில் இது ஒரு படி. மூலக்கூறு வாய்பாடு மாறவில்லை, சி10எச்12ஓ2 தான், எடை 164 தான். வெறும் எடையை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. நிறமாலையில் பார்த்தால் ஒரு நொடி போதும்: நுனியில் இப்போது மெத்தில், 1.86-இல் 6.6 ஹெர்ட்ஸ் டப்லெட். இரட்டைப் பிணைப்பின் இரண்டு ஹைட்ரஜனும் ஒன்றையொன்று 15.7 ஹெர்ட்ஸ் பிளக்கின்றன. அந்த 15.7-ஐப் பார்த்ததுமே எதிரெதிர்ப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

தேன் சொல்லும் கோணம்

தூரம்தான் பேசும் என்று சொன்னேன். அதற்குக் கிராம்பைவிட எளிமையான சாட்சி எங்கள் ஊர்த் தேன்.

2020 கடைசியில் தேனில் சர்க்கரைப் பாகு கலப்படம் பற்றிய செய்தி நாடெங்கும் ஓடியது. அந்த வாரம் என்.எம்.ஆர். என்ற எழுத்துகள் மார்த்தாண்டத்து டீக்கடை வரை வந்தன. இங்கே ரப்பர் மரம் இலையுதிர்த்துக் கொழுந்து விடும் காலத்தில், இலைக்காம்பில் ஊறும் மதுவைத் தேனீ எடுக்கிறது. பெட்டி வைத்துத் தேன் எடுக்கும் குடும்பங்கள் ஏராளம். பெட்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்: "சாரே, அந்த மெசினு தேனுக்க உள்ள என்னத்த பாக்குது?"

தேனில் பெரும்பங்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீரில்) கரைத்து எடுத்தால் 3.2-இலிருந்து 4.1 வரை பெரிய நெரிசல். அதற்கு வெளியே, கொஞ்சம் ஒதுங்கி, குளுக்கோஸின் முதல் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் நிற்கிறது. ஃப்ரக்டோஸுக்கு அந்த இடத்தில் ஹைட்ரஜனே இல்லை. அதனால் குளுக்கோஸைத் தனியாகப் பார்க்கலாம். ஒரே குளுக்கோஸ்தான், ஆனால் இரண்டு டப்லெட் வரும். 5.23-இல் ஒன்று, 4.64-இல் ஒன்று. தண்ணீரில் குளுக்கோஸ் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவில், சுமார் 36:64 விகிதத்தில் இருப்பதால் இரண்டு. இரண்டிலும் அந்த ஹைட்ரஜனுக்கு ஒரே அண்டை: இரண்டாவது கார்பனில் உள்ளது. என்+1 விதிக்கு இரண்டும் ஒன்றே. டப்லெட், முடிந்தது.

இடைவெளியை அளந்தால் 5.23-இல் 3.8 ஹெர்ட்ஸ். 4.64-இல் 8.0. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன்?

1959-ல் மார்ட்டின் கார்ப்ளஸ் இதற்கான உறவைக் கணக்கிட்டார். அடுத்தடுத்த இரண்டு கார்பனில் உள்ள ஹைட்ரஜன்களின் இணைவு, அவற்றுக்கு நடுவே உள்ள இருமுகக் கோணத்தைப் பொறுத்தது. ஒரு புத்தகத்தைப் பாதி திறந்து பிடித்தால் இரண்டு அட்டைக்கும் நடுவே ஒரு கோணம் வருமே, அதுதான் இருமுகக் கோணம். 180 பாகையில் இணைவு மிக அதிகம், 90 பாகைக்கு அருகில் கிட்டத்தட்ட இல்லை, 60-இல் சிறியது. பீட்டா குளுக்கோஸில் அந்த இரண்டு ஹைட்ரஜனும் ஒன்று மேல்நோக்கியும் ஒன்று கீழ்நோக்கியும், ஏறக்குறைய 180 பாகையில் நிற்கின்றன. அதனால் 8.0. ஆல்ஃபாவில் 60 பாகை. அதனால் 3.8. கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு வளையத்தின் முறுக்கை ஒரு அளவுகோலை வைத்துத் தாளில் அளந்துவிடலாம்.

அண்ணாச்சிக்கு இதை எல்லாம் சொல்லவில்லை. தேனில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தாளில் ஒரு இடமும் ஒரு உருவமும் உண்டு, பாகு சேர்த்தால் அதில் வரும் நீளமான சர்க்கரைகளுக்கும் உண்டு என்று சொன்னேன். கலப்படச் சோதனை ஒரே ஒரு கோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. முழுத் தாளையும் நல்ல தேன்களின் பெரிய தொகுப்போடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். அப்போ ரப்பர்த் தேனும் அந்தத் தொகுப்பில் இருக்க வேண்டாமா என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. எந்தப் பூவின் தேன், எந்த ஊர்த் தேன் என்று தொகுப்பில் இல்லாவிட்டால் ஒப்பீடு பலவீனமாகிவிடும். எங்கள் தேன் ஒவ்வொரு பருவத்திலும் அப்படிப் பதிவாக வேண்டும் என்பது எனக்கும் ஆசை.

கோடுகள் ஏமாற்றும் இடங்கள்

ஜே மதிப்பை ஹெர்ட்ஸில் சொல்கிறோம், பிபிஎம்மில் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. வெளிக்காந்தம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அண்டை கொடுக்கும் பிளவு மாறாது, அது எலக்ட்ரான் வழியாக வருவதால். எத்தில் அசிட்டேட்டின் 7.1 ஹெர்ட்ஸ் பழைய 60 மெகாஹெர்ட்ஸ் கருவியிலும் 7.1 தான். ஆனால் தாளில் அது 0.12 பிபிஎம் அகலம் எடுக்கும். 400-இல் 0.018 மட்டுமே. பெரிய கருவியில் கோடுகள் நெருங்கியதுபோலத் தெரிவது அதனால். உண்மையில் கூட்டங்கள்தான் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றன.

அப்படி விலகாதபோதுதான் தொல்லை. இரண்டு புரோட்டான்களின் இடத்துக்கு நடுவே உள்ள தூரம் அவற்றின் ஜே மதிப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் ஒழுங்காக நடக்கும். நெருங்க நெருங்க, ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்துக் கோடுகள் உயர்ந்து, வெளிப்பக்கத்துக் கோடுகள் தாழும். ஓட்டு வீட்டின் கூரைபோல இரண்டு பக்கமும் நடுவை நோக்கி ஏறும். இதைப் பிழை என்று நினைக்காதீர்கள், உதவி என்று நினையுங்கள். ஒரு டப்லெட் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் அதன் ஜோடி இருக்கிறது. இன்னும் நெருங்கினால் கூடுதல் கோடுகள் முளைக்கும், இடைவெளியை அளந்து ஜே என்று எழுத முடியாது. முழுதும் ஒன்றாகிவிட்டால் பிளவே கண்ணில் படாது. பென்சீனின் ஆறு ஹைட்ரஜனும் அண்டை அண்டையாக இருந்தும் ஒரே கோடு தருவது அதனால்தான்.

ஓஎச் ஹைட்ரஜன் வேறு வகை. நன்றாக உலர்த்திய தூய எத்தனாலில் அது சிஎச்2-ஆல் பிளவுபட்டு டிரிப்லெட்டாக வரும். ஒரு துளி அமிலமோ ஈரமோ இருந்தால் ஒற்றைக் கோடாகிவிடும். ஓஎச்-இல் உள்ள புரோட்டான் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகக் கைமாறுகிறது. ஒரே இடத்தில் தங்கினால்தானே அண்டையின் நிலை அதற்குத் தெரியும்? ஓஎச் எது என்று சந்தேகம் வந்தால் குழாயில் ஒரு துளி கனநீர் விட்டுக் குலுக்குங்கள். ஓஎச் புரோட்டான் போய் அந்த இடத்துக்கு டியூட்டீரியம் வருவதால் அந்தக் கோடு மறைந்துவிடும். எங்கள் கிராம்பு எண்ணெயில் 5.5-க்கு அருகே இருந்த ஒற்றைக் கோட்டை அப்படித்தான் உறுதிசெய்தோம்.

ஒற்றைக் கோட்டை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பிளவு இல்லை, அதனால் அதில் விஷயம் இல்லை என்ற நினைப்பு. அவளும் அப்படித்தான் தாண்டிப் போயிருந்தாள். 2.31-இல் ஒரு சின்னக் கோடு, ஒற்றையாக. யூஜினாலில் அந்த இடத்தில் எதுவும் கிடையாது.

"இது அழுக்கா சாரே?"

"மூணு பிணைப்புத் தூரத்துல ஒரு எச்-கூட இல்லாத மெத்தில் எது?"

யோசித்தாள். மெத்தாக்ஸி, அதாவது ஆக்சிஜனில் ஒட்டிய மெத்தில், என்றால் 3.8 பக்கம் போகும். வளையத்தில் நேராக ஒட்டிய மெத்திலாக இருக்கலாம். கார்பனைலுக்குப் (சி=ஓ) பக்கத்து மெத்திலாகவும் இருக்கலாம், அதற்கு அந்தப் பக்கம் கார்பனும் ஆக்சிஜனும்தான், ஹைட்ரஜன் இல்லை. பெரிய மெத்தாக்ஸி கோடு 3.88-இல் இருந்தது. பென்சிலைத் தாளின்மேல் நகர்த்திக்கொண்டே போனவள் அதன் காலடியில், 3.82-இல், இன்னொரு குட்டிக் கோட்டைக் கண்டுபிடித்தாள். கீழே அச்சாகியிருந்த பரப்பு எண்களை ஒப்பிட்டாள். 2.31-இல் இருப்பதும் 3.82-இல் இருப்பதும் ஒரே பரப்பு. இரண்டும் ஒரே மூலக்கூறின் மெத்தில்கள். யூஜினாலின் ஓஎச்-இல் அசிட்டைல் ஏறிய யூஜினைல் அசிட்டேட். கிராம்பு மொட்டிலேயே இயல்பாக இருப்பது, வடிக்கும்போது கூடவே வந்துவிடும்.

பிறகு அவள் கிராஃப் தாளைப் புரட்டிப் போட்டாள். வால்நுனியின் இரண்டு ஹைட்ரஜனையும் போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பிளவு, அவற்றுக்குள்ளேயே சுமார் இரண்டு ஹெர்ட்ஸில் இன்னொன்று, சிஎச்2-இலிருந்து ஒன்றரை ஹெர்ட்ஸில் ஒரு டிரிப்லெட்.

"அப்போ எத்தன ஈர்க்கில் வேணும்?"

"தலைக்குப் பதினாறு."

முப்பத்திரண்டு குச்சிக்காக வாரியலை எடுக்க எழுந்து போனாள்.